நான் அடிக்காத நான்கு

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பட்டப்பகலில், ஒரு சனிக்கிழமை, காரைக்கால் தலத்தெருவில் என் மேஜைமேல் நடந்தது இது. வருடம் 1984. நான் பயந்தாங்கொள்ளி கிடையாது; விழிதியூர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

எனக்கு அப்போது இரண்டு பைத்தியம். ஒன்று கதை எழுதுவது. மற்றது தபால் செஸ். எதிராளி வேறு ஊரில் இருப்பார். போஸ்ட்கார்டில் ஒரு நகர்த்தல் போகும், ஒரு நகர்த்தல் வரும். காய் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று நான்கு எண்கள், அவ்வளவுதான். கார்டில் எழுதிவிட்டால் மாற்ற முடியாது. கை தவறினாலும் அதுதான் ஆட்டம். என் கோணல் கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோல இருந்து, ஒருமுறை அநியாயமாகத் தோற்றேன்.

அதனால் கதைக்கும் செஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு சின்ன டைப்ரைட்டர் வாங்கப் போனேன். ஜெகபர் சாதிக் பாய் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று பளபளவென்று புதுசு. தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். மற்றது பழசு. பெட்டியோடு கைக்கு அடக்கமாக இருந்தது, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துகள் முத்து முத்தாக விழுந்தன.

"எழுத்துக்கு ஒண்ணும் கொறையில்ல டீச்சர். நம்பருதான் கொஞ்சம் அடம் புடிக்கும்," என்றார் பாய். "வச்சிருந்த திருஞானசம்பந்தம் சாரு எறந்துட்டாரு. அவரும் ஒங்கள மாதிரி செஸ் கார்டு அடிக்கிறவருதான்."

"அடம் எனக்கும் வரும் பாய். கட்டிக் குடுங்க."

வீட்டில் என் தம்பி சோமு குதித்தான். "செத்தவரு பொட்டிய உள்ள கொண்டாறியே, ஒனக்குப் புத்தி இருக்காக்கா?"

"நீ ஒண்ணும் தூக்க வேணாம், போடா."

நாலு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. 7 சாவி மட்டும் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். இரும்புதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷத் தபால் செஸ் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டேன்; அது கும்பகோணம் தெட்சிணாமூர்த்தியோடு. பதினோரு வருஷமாகத் தோற்காதவர். 'பெண்கள் இதுவரை வந்ததே பெரிது' என்று கார்டு ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆட்டத்தை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். என் யானையை ஏழாம் வரிசைக்கு ஏற்றினால் அவர் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. 51-ஆம் கட்டத்திலிருந்து 57-க்கு, அதாவது 5157. அன்றுதான் கெடு. தெருமுனைத் தபால் பெட்டியை நாலு மணிக்குத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

மணி 2.40. கார்டைச் செருகினேன். 5... 1... 5... 7. டக்.

பார்த்தேன். 5154.

அந்தக் கட்டத்தில் நின்றால் யானை வெட்டுப்படும். ஆட்டமே போய்விடும். விரல் தவறியிருக்கும் என்று கிழித்துப் போட்டேன்.

2.52. இரண்டாவது கார்டு. ஒற்றை விரலால், சாவியைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். 5154.

மறைக்கவில்லை, பயந்துதான் போனேன்.

3.10. மூன்றாவது. 7-ஐ அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. 7-இன் கம்பி பாதி எழுந்தது... நின்றது. தள்ளி இருந்த 4-இன் கம்பி, யாரும் தொடாமல், மெதுவாக எழுந்து வந்து...

டக்.

"திருஞானசம்பந்தம் சார்," என்றேன் சத்தமாக. "ஒங்க ஆட்டம் முடிஞ்சுபோச்சு. இது என் ஆட்டம். நான்தான் ஆடுவேன்."

உருளை தானாகத் திரும்பியது.

க்ரிக்... க்ரிக்...

டக். டக். டக். டக்.

5154.

"சீ, போ!" மூடியைப் படாரென்று சாத்தினேன். ஒரே ஒரு கார்டு மிச்சம் இருந்தது. பேனாவை எடுத்தேன். மணியார்டர் பாரம் மாதிரி, எண்ணாலும் எழுத்தாலும் 5157 என்று எழுதினேன். மூடிய பெட்டிக்குள் டக் டக் என்று சத்தம் நிற்கவே இல்லை. "அடிச்சுக்கிட்டே கெட!" என்று கத்திவிட்டு ஓடினேன். 3.56-க்குத் தபால் பெட்டியில் போட்டேன்.

எட்டாம் நாள் கும்பகோணத்திலிருந்து கார்டுக்குப் பதில் கவர் வந்தது.

'தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் எழுதியதற்கு மன்னியுங்கள். இந்தமுறை கையால் எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். 1976-இல் உங்கள் ஊர் திருஞானசம்பந்தம் என்னோடு இறுதி ஆட்டம் ஆடினார். அவரும் 5157 போட்டிருந்தால் ஜெயித்திருப்பார். 5154 என்று டைப் அடித்த கார்டு வந்தது. மறுநாளே இன்னொரு கார்டு, பென்சிலால். "அது நான் அடித்தது இல்லை. 7-ஐத்தான் அழுத்தினேன். மெஷின் மாற்றுகிறது" என்று. விதிப்படி நான் ஏற்கவில்லை. அப்புறம் அவரிடமிருந்து கார்டே வரவில்லை.'

இரண்டு தடவை படித்தேன். பாவம், அந்த மனுஷனையா திட்டினேன்? அவரும் என்னைப்போல அந்தச் சாவியோடு மல்லுக்கட்டியவர்தான்.

அப்படியானால் அதில் இருப்பது யார்? அவருக்கு முன்னால் அது யாரிடம் இருந்தது என்று பாய்க்கும் தெரியவில்லை.

கடலில் போடு என்று சோமு இன்னும் சொல்கிறான். மாட்டேன். அது என் மெஷின். இதையும் அதில்தான் அடித்தேன்.

எண்களை மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறேன்.