இரண்டு கிலோ இடம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணியிலிருந்து பத்தரை மணி வரை நான் மீனம்பாக்கம் விமான நிலையத்தில், பன்னாட்டு முனையத்தின் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போகவில்லை. போகவும் முடியாது... என்னிடம் டிக்கெட் இல்லை. டிக்கெட் வைத்திருந்தவள் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா கோவளத்துக்காரி. பதினோரு வருடமாகத் திருவிடந்தையில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவள் மகள் ஷீபா கணவனோடு மஸ்கட்டில் இருக்கிறாள். இப்போது ஒன்பதாவது மாதம். போன முறை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அப்போது ஸ்டெல்லாவிடம் பாஸ்போர்ட் இல்லை, மகளிடம் போக முடியவில்லை. மீன் கூடையை என் வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஸ்டெல்லா அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த மாதமே போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள்.

முதல் விமானப் பயணம். அதுவும் தனியாக. நான் சும்மா இருப்பேனா? என்னைப் போலப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு – யாராவது ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டால் போதும், உடனே பேனாவை எடுத்துவிடுவோம். பதினான்கு பாயின்ட் எழுதிக் கொடுத்தேன். எந்த வாசல், ட்ராலி எங்கே கிடைக்கும், கவுன்டர் எந்தப் பக்கம், பாத்ரூம் எங்கே, இமிக்ரேஷனில் என்ன கேட்பார்கள்... எல்லாம். லேகியத்தைக் கைப்பையில் வைக்காதே, செக்யூரிட்டியில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில் போடு என்பது ஒன்பதாவது பாயின்ட். அதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

அந்த லேகியம் சாதாரணப்பட்டதல்ல. செங்கல்பட்டில் நாட்டு மருந்துக் கடைக்கு இரண்டு நடை போய்ச் சாமான் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று கிளறியது. பிள்ளை பெற்ற உடம்புக்கு. எவர்சில்வர் தூக்கோடு சேர்த்து இரண்டு கிலோ. மகளுக்குத் தான் கொண்டுபோகிற ஒரே மருந்து அதுதான் என்று என்னிடம் பலமுறை சொல்லிவிட்டாள்.

பெட்டியின் எடை முப்பது கிலோவைத் தாண்டக் கூடாது. ஸ்டெல்லா அதை வீட்டிலேயே எடை போட்டுவிட்டாள் – ஏலத்தில் மீன் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில். நானும் கூட இருந்தேன். லேகியத் தூக்கு, நெத்திலிக் கருவாடு எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு என்று காட்டியது.

“இன்னும் ரெண்டு கிலோ எடம் கீதுக்கா. வேற இன்னா வெக்கலாம்?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல நான் என் பையைத் திறந்தேன். மஸ்கட்டில் என் கொழுந்தன் முரளி இருக்கிறார். அவருக்கு என் புதிய புத்தகத்தின் ஆறு பிரதிகள். அங்கே நண்பர்களுக்குக் கொடுப்பாரே! ஸ்டெல்லா மறுபேச்சுப் பேசாமல் வாங்கி, ஷீபாவின் நைட்டிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள். தராசு முப்பது என்றது. இருவருக்கும் திருப்தி.

விமான நிலையத்துக்கு வருவோம். ஸ்டெல்லா உள்ளே போன பத்தாவது நிமிடம் முதல் போன். நான் எழுதிக் கொடுத்ததில் ஒன்றுகூட அங்கே இல்லையாம். இருக்காதுதான்... நான் கடைசியாக வெளிநாடு போனது பழைய கட்டடத்திலிருந்து. நடுவில் புதுக் கட்டடமே எழும்பிவிட்டது. இடது பக்கம் திரும்பு என்று நான் எழுதிய இடத்தில் இப்போது சுவர் நிற்கிறதாம். அறிவுரை சொல்கிறவர்கள் எப்போதும் பழைய கட்டடத்துக்குத்தான் வழி சொல்கிறோமோ?

நான் பதறினேன். அவள் பதறவில்லை. காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துவிட்டு, தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் ஊரைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் திருப்போரூர், கோவளத்துக்குப் பக்கம். அப்புறம் என்ன? ட்ராலி வந்தது, தண்ணீர் பிடிக்கும் இடம் தெரிந்தது, கவுன்டர் வரிசை வரை துணையும் கிடைத்தது. கோவளம் கடற்கரையில் எந்தப் படகு வந்திருக்கிறது என்பதைப் பலகையைப் பார்த்தா தெரிந்துகொள்கிறார்கள்? ஆளைக் கேட்டுத்தானே! முனையத்துக்குள்ளும் அவள் அப்படியே நடந்துகொண்டாள். இரண்டாவது போனில் குரல் தெம்பாக இருந்தது. பாத்ரூம் நம் அபார்ட்மென்ட்டை விடப் பெரிசு என்றாள்.

மூன்றாவது போன் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. பெட்டி முப்பத்திரண்டு கிலோ.

எப்படி? நம் தராசில் முப்பதுதானே? இருவரும் ஒரு நிமிடம் குழம்பினோம். பிறகு ஸ்டெல்லாவே கண்டுபிடித்தாள். ஏலத்தில் மீனைப் பிளாஸ்டிக் பெட்டியோடு சேர்த்துத்தான் தராசில் வைப்பார்கள். காலிப் பெட்டியின் எடை இரண்டு கிலோ. அதை ஒவ்வொரு தடவையும் கழித்துக்கொண்டிருக்க முடியுமா? தராசே கழித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். நாங்களோ சூட்கேஸை அப்படியே தூக்கி வைத்தோம். அதிலும் தராசு தன் வழக்கப்படி இரண்டு கிலோவைக் கழித்துவிட்டது.

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கணக்கு புரிந்துவிட்டது. புத்தகம் வைப்பதற்கு முன்பே பெட்டி சரியாக முப்பது. இடம் என்று ஒன்று அதில் இருக்கவே இல்லை.

கூடுதல் எடைக்குப் பணம் கட்டலாம் என்றார்களாம். தொகையைக் கேட்டதும் ஸ்டெல்லா வரிசையை விட்டே விலகிவிட்டாள். நான் தருகிறேன் என்றேன், காதிலேயே வாங்கவில்லை. கவுன்டர் மூட இன்னும் முக்கால் மணி நேரம். கைப்பையிலும் இடமில்லை, அதையும் நிறுத்துவிட்டார்கள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா? “கருவாட்டை எடுத்துடு ஸ்டெல்லா, அங்கேயே கிடைக்கும்.” புத்தகம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கருவாடு மொத்தமே ஒரு கிலோதான் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் கழித்து நுழைவாயிலுக்கு உள்பக்கம் ஸ்டெல்லா வந்து நின்றாள். கையில் எவர்சில்வர் தூக்கு. காவலரிடம் ஏதோ கெஞ்சிச் சொன்னாள். அவர் தூக்கைத் திறந்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்துவிட்டு, என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

“இத்த வூட்ல வெச்சிக்கோக்கா” என்றாள் ஸ்டெல்லா. கண்ணில் நீர் கோத்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. பெட்டியை மூடிவிட்டாளாம், இப்போது எடை சரியாக இருக்கும்.

புத்தகத்தை எடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். கேட்ட என்னை அவள் வினோதமாகப் பார்த்தாள்.

“நம்பிக் குட்த்த பொருளு. அத்த எறக்கி வெச்சிட்டு என் பொருள தூக்கினு போனா, கேட்டுட்டு காத்துனு கீற ஒன் கொழுந்தனாரு மூஞ்சில எப்டிக்கா முழிப்பேன்?”

கோவளத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஒருவர் கிளம்பினால் நாலு வீட்டுப் பொட்டலம் கூடப் போகும். பெயர் எழுதி, கயிறு கட்டி. சொந்தச் சாமானில் கைவைக்கலாம். அடுத்தவர் கொடுத்ததில் கைவைக்கக் கூடாது. எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் புத்தகத்தை நீட்டினேன்... மறுக்க மாட்டாள் என்று.

வேறு வழியில்லை. உண்மையைச் சொன்னேன்.

“அவர் கேக்கவே இல்ல ஸ்டெல்லா. நானாத்தான் அனுப்பறேன்.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. வஞ்சிரம் என்று சொல்லி வேறு எதையாவது நான் அவள் தலையில் கட்டியிருந்தால் எப்படிப் பார்த்திருப்பாளோ, அப்படி.

“இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்று கேட்டுவிட்டுத் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சற்று நேரத்தில் திருப்போரூர் பெண் புத்தகக் கட்டோடு வந்தார். காவலர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். பின்னட்டையில் என் படம், பத்து வருடம் முந்தையது. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கொடுத்துவிட்டார். பத்து இருபத்தைந்துக்கு ஸ்டெல்லாவிடமிருந்து கடைசி போன்: பெட்டி முப்பது, போர்டிங் பாஸ் கையில், லேகியம் உள்ளே. எனக்குக் கால் வலி அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் நமக்கு அவசியமாகத் தெரிவதெல்லாம் விமான நிலையத்தில் தராசில் ஏறியதும் வேறாகிவிடுகிறது. அங்கே பயணிகள் பெட்டியைத் தரையில் பிரித்துப் போட்டு எதை விடுவது என்று தவிப்பதை எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். வெளியே எடுத்து வைக்கப்படும் பொருள் நானாகவே இருப்பேன் என்று நினைத்ததில்லை. ஆறு பிரதிகளையும் சுமந்துகொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன். இரண்டு கிலோ என்பது நிஜமாகவே கனம்தான்.

வெள்ளிக்கிழமை ஷீபா போன் செய்தாள். இன்னும் வலி எடுக்கவில்லையாம். அம்மா வந்ததிலிருந்து தூக்கம் நன்றாக வருகிறதாம். தூக்கு அடுப்படி மேடையில் தயாராக இருக்கிறது.

அன்று மாலையே முரளியிடமிருந்து வாட்ஸ்அப்: ‘அண்ணி, உங்க புத்தகம் வரலைன்னு அந்தம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க. வெறுங்கையோட வந்து நிக்கக் கூடாதுன்னு, மகளுக்குக் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டுல பாதியை வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாங்க. பிரமாதம்!’

இதுவரை ஐந்து புத்தகம் எழுதி அனுப்பியிருக்கிறேன். முரளியிடமிருந்து அந்த வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை.