கடற்கரை வீட்டுக் கொம்பியூட்டருக்குத் தண்ணீர் பூட்டினோம்

கொம்பியூட்டர் திருத்தும் கடைக்கு வருகிற எவரும் முதலில் சொல்வது, "நான் ஒண்டும் செய்யல்ல, அது தானாத்தான் நிண்டது" என்பதைத்தான். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமிக்கு முந்திய வருஷம் புளியந்தீவில் யோகன் அண்ணனின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சண்டை முடிந்த பிறகும் அங்கேதான் இருந்தேன். கடையில் ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற பெண் நான் ஒருத்திதான். வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "திருத்துறவர் இல்லையா, தங்கச்சி?" என்று கேட்பார்கள். "முன்னுக்குத்தானே நிக்கிறா" என்று யோகன் அண்ணன் என்னைக் காட்டுவார். அதற்குப் பிறகும் சிலர் அவருக்காகக் காத்திருப்பார்கள்.

கழுவிக் காய வைத்தவை

சுனாமிக்குப் பிறகு கடை வாசலில் பெட்டிகள் குவிந்தன. எல்லாவற்றுக்குள்ளும் மணல். பாகம் பாகமாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, மாடியில் வெயிலில் பரப்பி வைப்போம். தண்ணீரில் கெட்டதைத் தண்ணீரிலேயே கழுவுகிறோமே என்று பார்த்தவர்களுக்கு எங்கள் மேலிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

அந்த நாட்களில்தான் காத்தான்குடி சலீம் காக்கா, உடுக்கிற சாரத்தால் கட்டிய பெட்டியொன்றைச் சைக்கிளில் கொண்டுவந்தார். அங்கே அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும்தான் சொல்வார்கள். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்து, வீட்டிலேயே கொம்பியூட்டரில் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவர். வீடு கடற்கரைப் பக்கம். அவருடைய வீடு இடியாமல் தப்பிவிட்டது. மனைவி ரமீஸா ராத்தாவின் தங்கச்சி அடுத்த வளவில் இருந்தவள். அவளும் போய்விட்டாள், அந்த வீடும் போய்விட்டது. இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு, பெட்டியை மேசையில் வைத்தார். திறந்தோம். ஃபேன் இதழ்களுக்கு நடுவில் ஒரு சின்னச் சிப்பி சிக்கியிருந்தது. ஹார்ட் டிஸ்க் அசையவே இல்லை. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, "சரிவராது காக்கா" என்றேன். அவர் அந்தச் சிப்பியை ஃபேனிலிருந்து மெல்லக் கழற்றி எடுத்தார்.

"ஊருக் கலியாணம் எல்லாம் இதுக்குள்ளதான் இருந்தது, தங்கச்சி. இனி அவங்க கலியாணம் முடிச்சதுக்கு நான் மட்டும்தான் சாட்சி."

தாலி கட்டும் கட்டம்

பிறகு புதுப்பெட்டி ஒன்று வாங்கினார். சண்டை முடிகிற காலத்தில் வீடியோக்கள் பெரிதாகிவிட்டன. பெட்டியால் தாங்க முடியவில்லை. அவர் வேலை செய்கிற அறைக்குத் தகரக் கூரை. மத்தியானத்தில் அங்கே மனிதரே இருக்க முடியாது. உள்ளே இருந்த ஃபேன் அரிசி ஆலை மாதிரி இரையும். இரைந்து இரைந்து, சூடு எல்லை கடந்ததும் பெட்டி தானாக நின்றுவிடும்.

நாங்கள் தூசு தட்டினோம், சூடு கடத்துகிற பேஸ்ட்டைப் புதிதாகப் பூசினோம், இன்னும் பெரிய ஃபேன் பூட்டினோம். அதுவும் இன்னும் பெரிதாக இரைந்தது, அவ்வளவுதான். காக்கா தன் பங்குக்குப் பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மேசைக் காற்றாடி ஒன்றை நேரே திருப்பி வைத்தார். தூசு இரண்டு மடங்காக உள்ளே போனது. ஒருநாள் கடைக்கு வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"சரியாத் தாலி கட்டுற கட்டத்துக்கு வந்தா அது படுத்திடுது. இப்படியே போனா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் கலியாணம் நடக்கல்ல எண்டுதான் ஆகும்."

பாலத்தடியில்

கட்டாரில் இருந்த அவருடைய தம்பி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காற்றை விட்டுவிட்டுத் தண்ணீரால் சூட்டை இறக்குகிற சாமான்களை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். வந்தவர் அதை எங்கள் கடையில் தந்துவிட்டுப் போனார். வாகனத்துக்கு இருக்கிற மாதிரித்தான்: ஒரு குட்டி ரேடியேட்டர், ஒரு குட்டிப் பம்ப், ரியூப் சுருள், பச்சை நிறத்தில் ஒரு போத்தல் திரவம். யோகன் அண்ணன் அதுவரை அப்படியொன்றைப் படத்தில்தான் பார்த்திருந்தார். நான் படத்திலும் பார்த்ததில்லை.

இருவரும் மோட்டார் சைக்கிளில் காத்தான்குடிக்குப் புறப்பட்டோம். சண்டை முடிந்திருந்தது; சோதனைச் சாவடிகள் முடியவில்லை. பாலத்தடியில் மறித்து என் பையைத் திறந்த சிப்பாய், பம்பை எடுத்தான், ரியூபை எடுத்தான், வயரை எடுத்தான், கடைசியில் பச்சைப் போத்தலை எடுத்ததும் இரண்டடி பின்னுக்குப் போனான். யோகன் அண்ணன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கொம்பியூட்டர், வத்துர" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொம்பியூட்டருக்கு எதற்குத் தண்ணீர் என்று யாருக்கும் விளங்கவில்லை. இதைவிடச் சின்ன விஷயத்துக்கு உள்ளே கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்களை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வெயிலில் நின்றோம். எனக்கு வேர்க்கவே இல்லை.

பிறகு ஓர் அதிகாரி வந்தார். கொஞ்சம் தமிழ் பேசினார். படம் கீறிக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் போத்தல் இல்லை, ஒரு லப்டொப் இருந்தது.

"இதுவும் சரியான சூடு. ஒருக்கா பாருங்க. ஆனா தண்ணி வேணாம்."

ராத்தாவின் கேள்வி

காக்காவின் அறையில் சாமான்களைப் பரப்பியபோது ரமீஸா ராத்தா பால் விடாத பிளேன்ரீயைத் தட்டில் கொண்டுவந்தா. ரியூபைப் பார்த்தா, பம்பைப் பார்த்தா. "இதுக்குள்ள என்ன ஓடப்போகுது?" என்று கேட்டா. யோகன் அண்ணன் உற்சாகமாக விளக்கினார்: வெளியே ஒரு சொட்டும் வராது, உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும், மொத்தமே ஒரு கோப்பைத் தண்ணீர்தான். ராத்தா தட்டை மேசையில் வைக்காமலே நின்றா. காக்கா சுவரைப் பார்த்தார். வெள்ளை அடித்த அந்தச் சுவரில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு மங்கல் கோடு இன்னும் தெரிந்தது.

"கடல் ஒருக்கா இந்த ஊட்டுக்குள்ள தண்ணி கொண்டு வந்தது போதாதா? இப்ப நீங்க ஆள் வச்சுக் கொண்டு வாறீங்களா?"

பட்டரித் தண்ணீர்

அன்றைக்கு வேலை நடக்கவில்லை. ராத்தாவைச் சமாதானப்படுத்தக் காக்காவுக்குச் சில நாள் எடுத்தது. என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினார் என்று தெரியாது. பச்சைப் போத்தல் பாலத்தடியிலேயே நின்றுவிட்டதால், அதற்குப் பதிலாகச் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ரியூபுக்குள் உப்புப் படியும். வாகன பட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் சரிவரும் என்று நான்தான் சொன்னேன். பக்கத்துக் கராஜுக்குப் போய்க் கேட்டேன். எதற்கென்று சொன்னதும், கராஜ்காரர் கையிலிருந்த நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"மனிசருக்கு பவுசர் வண்டியில வாற தண்ணி. உங்கட பெட்டிக்கு மட்டும் போத்தல் தண்ணியோ?"

ஓடுகிறதா, இல்லையா?

பெரிய ஃபேனைக் கழற்றி, கடைக்குக் கொண்டுபோகப் பையில் வைத்தோம். தண்ணீரை ஊற்றி, பெட்டிக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, அடியில் பேப்பர் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மூட்டில் கசிந்தது. இறுக்கினோம். பிறகு பேப்பர் காய்ந்தபடியே இருந்தது. ராத்தா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று, அந்தப் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கரண்ட் கொடுத்தோம். கோழிக்குஞ்சின் மூச்சு மாதிரி ஒரு சத்தம், அதுவும் காதை வைத்தால்தான். காக்கா ஒரு கலியாண வீடியோவை வெட்டத் தொடங்கினார்; தாலி கட்டும் கட்டம் வந்தது, போனது, சாப்பாட்டுப் பந்தியும் முடிந்தது. பெட்டி நிற்கவில்லை. யோகன் அண்ணன் என் முதுகில் தட்டினார். காக்கா மட்டும் சந்தேகத்தோடு பெட்டியைச் சுற்றி வந்தார்.

"வேலை செய்யிற சாமான் எண்டாச் சத்தம் போடவேணும். இது அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி இருக்கு."

பழைய ஃபேன்

அடுத்த கிழமை ரமீஸா ராத்தா தனியாக ஆட்டோவில் கடைக்கு வந்தா. கசிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "ஒரு சொட்டும் வரல்ல" என்றா. என் பக்கத்தில் ஸ்டூலில் குந்தி, யோகன் அண்ணனுக்குக் கேட்காத குரலில் சொன்னா: "அந்தப் பழைய ஃபேனத் திரும்பப் பூட்டித் தரேலுமா, தங்கச்சி? அது இரையுற வரைக்கும் எனக்குக் கடல் கேக்காது. அவர் தொழப் பள்ளிக்குப் போகக்குள்ளயும் நான் அத நிப்பாட்ட உடுறல்ல. இப்ப பகல்லயும் கேக்குது. சமைக்கக்குள்ளயும் கேக்குது."

கேட்கவில்லை என்று நான் நினைத்திருந்த யோகன் அண்ணன் எழுந்துபோய், பழைய சாமான் பெட்டியைக் கிளறத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே போனோம். பெட்டியின் வெளிப்பக்கத்தில் அந்த ஃபேனைப் பூட்டினோம். அது எந்தச் சூட்டையும் தணிக்கவில்லை. சுவருக்குக் காற்று அடித்தது. அறை பழையபடி இரைந்தது. ராத்தா குசினிக்குள் போனா. சட்டி பானைச் சத்தம் கேட்டது. பள்ளியிலிருந்து வந்த காக்கா ஃபேனைப் பார்த்தார், அது அடிக்கிற சுவரைப் பார்த்தார், குசினிப் பக்கம் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கினார். நாங்கள் படியிறங்கும்போதுதான் கூப்பிட்டார்.

"யோகன், இதவிடச் சத்தமா ஓடுற ஃபேன் எங்கயாவது கிடைச்சா எடுத்து வைங்க."

சூடு தணிக்கத் தண்ணீரும் சத்தம் போட மட்டும் ஒரு ஃபேனுமாக ஓடுகிற கொம்பியூட்டர் உலகத்தில் வேறெங்காவது இருந்தால், அதைத் திருத்துகிறவரை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.