பதினெட்டு மாதமும் ஒரு நாளும்

வெயில் காய்வதற்காகக் கப்பல் ஏறிய ஒரே அவனியாபுரத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எனக்கு இருபத்தாறு வயதில், வலது முழங்காலில் எலும்புருக்கி வந்தது. மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு இரண்டே வழி சொன்னார். ஒன்று, காலைத் தொடையோடு எடுத்துவிடுவது. இன்னொன்று, சுவிட்சர்லாந்தில் ஒரு மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷம் படுத்து, மூட்டில் வெயில் படும்படி வைத்தியம் செய்துகொள்வது.

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "வெயிலுக்கா மாப்ள சீமைக்குப் போற? நம்ம கம்மாக்கரையில அம்புட்டும் சும்மாதான கெடக்கு" என்றான் ஒரு சிநேகிதன். டாக்டரிடம் நானும் அதையே கேட்டேன். அங்கே குளிர்ந்த காற்றில் நாள் முழுக்க வெயிலில் படுக்கலாம், உங்கள் ஊர் வெயிலில் அப்படிப் படுத்தால் கால் மிஞ்சும், ஆள் மிஞ்சமாட்டான் என்றார். நல்ல மனிதர், நாக்கில் மட்டும் கொஞ்சம் காரம்.

அப்பா விட்டுப்போன பருத்தி வியாபாரம் நன்றாக நடந்த காலம் அது. செலவுக்குப் பயமில்லை. வில்லங்கம் விசாவில் வந்தது. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய வக்கீல் குமாஸ்தா ஒருவர், பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்த கையோடு இரண்டு விண்ணப்பப் பாரங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒன்று, மூன்று மாதம் ஊர் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. மற்றது, நெடுநாள் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு. அதில் என்ன நோய், எத்தனை மாதம் என்று எழுத வேண்டும்.

அம்மா இரண்டாவது பாரத்தைக் கையால்கூடத் தொடவில்லை. எங்கள் வீட்டில் நோயைப் பேர் சொல்ல மாட்டோம். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும், கேட்கிறவர்களுக்கு "கொஞ்சம் மேலுக்கு முடியல" என்பதோடு சரி. "ஒன்றரை வருசம் எம்புள்ள படுத்துக் கெடப்பான்னு எழுதிக் குடுக்கவா? எழுதுனா எழுதுனபடி ஆயிரும்ப்பா" என்றாள்.

குமாஸ்தாவுக்கும் அதே பயம். "மூணு மாசத்துக்கு வாங்கிருவோம் தம்பி. அங்க போயி நீட்டிக்கிறலாம்" என்றவர், முதல் பாரத்தில் காரணம் கேட்ட இடத்தில், மலைகளைச் சுற்றிப் பார்க்க என்று அழகான இங்கிலீஷில் எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். படித்தவன் என்று பேர்.

ஆனால் டாக்டர் தன் கடிதத்தைத் தனியாக அனுப்பியிருந்தார். பம்பாயில் இருந்த சுவிட்சர்லாந்துக் கான்சல் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. குமாஸ்தா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "நீங்கள் பதினெட்டு மாதம் எழுந்து நடக்கக் கூடாது என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். நீங்களோ மூன்று மாதத்தில் மலைகளைச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். எது சரி என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." மாவுக்கட்டுக்குள் கால் வலிக்கும்வரை சிரித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. பாதி ஆறிய மூட்டோடு திரும்பி வந்தால் முன்னைவிட மோசமாகும், பிறகு வெட்டுவதைத் தவிர வழியில்லை என்றார். நீட்டித்துக் கொடுப்பார்கள் என்று நம்பி ஒரு காலைப் பணயம் வைக்காதே என்றார். மாதக் கடைசிக்குள் சரியான பாரம் போய்ச் சேராவிட்டால், அங்கே எனக்காக வைத்திருக்கும் கட்டிலும் வேறு யாருக்காவது போய்விடும்.

இரண்டாவது பாரம் மறுபடியும் வீட்டுக்கு வந்தது. அம்மா அழுதாள். நடுவாக ஆறு மாதம் என்று போடலாமா என்று குமாஸ்தா கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி கேட்டார். அப்போதுதான் அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி பேசினாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். வெளியாள் முன்னால் அவள் குரலை நானே கேட்டதில்லை.

"முழுசா ஒன்றரை வருசமும் எழுதுங்கண்ணே" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "எழுதாம விட்டா வியாதி போயிருமா அத்தை? காத்துக் கெடக்கப் போறவ நாந்தான. எனக்கு அவுக நடந்து வரணும்" என்றாள்.

கல்யாணத்தன்று எனக்கு வந்தது வெறும் வெட்கம். அவள்மேல் ஆசை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, எழுது. ஆனா முழு எண்ணிக்கையில நிப்பாட்டாத. மொய்கூட நூத்தியொண்ணுதான எழுதுறோம்? பதினெட்டு மாசத்துக்கு மேல ஒரு நாள் கூட்டிப் போடு. அந்த ஒரு நாள் நோவுக்கு இல்ல. வீட்டுக்குக் கெளம்புறதுக்கு."

இப்படி எந்தப் பாரத்திலும் எழுதியதில்லை என்று முனகிக்கொண்டே குமாஸ்தா எழுதினார். பம்பாயில் அப்படியே முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் இன்னொரு கேள்வி கேட்க அவர்களுக்குத் தெம்பு இருந்திருக்காது.

சுற்றிலும் பனி, முழங்காலில் மட்டும் வெயில் என்று பதினெட்டு மாதம் போனது. அங்கிருந்த டாக்டர் கடைசி நாள்வரை என்னை விடவில்லை. அன்று எக்ஸ்ரே எடுத்து, வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடியில்லாமல் நடக்கவைத்த பிறகுதான் தலையசைத்தார். மறுநாள் ரயில் எல்லையைத் தாண்டும்போது அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, இன்றோடு விசா முடிகிறது என்றார். தெரியும், எங்கம்மா கேட்டு வாங்கின நாள் என்று தமிழிலேயே சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

மதுரை ஸ்டேஷனில் அம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "சீமைக்குப் போனவன் வெளுத்து வருவான்னு பாத்தா, இம்புட்டுக் கறுத்து வந்திருக்கியே" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

என் மனைவி நாலு கெஜம் தள்ளி நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு அடியும் அவள் கண்ணில் படும்படி, மெதுவாக அவளிடம் நடந்தேன்.