பதினேழாம் எண் முத்திரை

காகித ஆலையின் கிடங்கில் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். நீராவிக் குழாய்களுக்குப் புதிதாக வாங்கும் வால்வுகளின் வெல்டிங்கைப் பரிசோதித்து, உள்ளே விடலாமா கூடாதா என்று எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாகிறது. வீட்டுக்கு நாற்காலி வாங்கினால்கூட முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்.

அவர் மனைவி வால்வு செய்யும் கம்பெனியில் வெல்டர். அந்தக் கம்பெனிக்கு முதல் ஆர்டர் போனபோதே மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மேலாளர், சம்சாரம் என்றால் நீ இன்னும் கறாராகத்தான் பார்ப்பாய் என்று சொல்லி, வேலையை அவரிடமே விட்டார்.

பன்னிரண்டு வால்வுகள் வந்து இறங்கின. சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, மேலே வெள்ளை மருந்து தெளித்துக் காத்திருந்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் கோடாகக் கசிந்து வரும். ஒன்பதாவது வால்வில் வந்தது, ஒரு விரற்கடை நீளத்துக்கு. பக்கத்தில் வெல்டரின் முத்திரை: பதினேழு. அது அவர் மனைவியின் எண்.

நிராகரிப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போய், மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சாயங்காலம் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செய்தி அதற்குள் கம்பெனிக்குப் போயிருந்தது.

“என் வேலையத் திருப்பி அனுப்பிட்டீங்களாமே.”

“விரிசல் இருந்துச்சு.”

“போட்டோ இருக்கா?”

கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இது என் கை இல்ல. நான் இடது கைக்காரி. பத்தவச்ச தடம் எந்தப் பக்கமா போகுதுன்னு பாருங்க. இத்தனை வருஷமா வெல்டிங் பாக்குறீங்க, பொண்டாட்டி கை தெரியலயா?”

தெரியவில்லை. விரிசலைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை.

வீட்டுப் பேச்சை அறிக்கையில் எழுத முடியாது. மறுநாள் போய், பதினேழு போட்ட மற்ற மூன்று வால்வுகளையும் பார்த்தார். அவற்றில் தடம் எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. அதை மட்டும் ஒரு வரியாகச் சேர்த்தார்.

கம்பெனியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்த வால்வை முடித்த அன்று அவள் காய்ச்சலில் விடுப்பு. மேஸ்திரி அவசரத்துக்குப் புது ஆளை வைத்துப் பற்றவைத்து, அவள் முத்திரையைக் குத்தியிருந்தார். ஒரு நம்பர்தானே என்றாராம். அப்படியானால் உங்கள் கையெழுத்தை நாளையிலிருந்து நான் போடுகிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். மேஸ்திரியைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இரண்டு வாரத்தில் மாற்று வால்வு வந்தது, அவளே செய்தது. அவர் இரண்டு தடவை சாயம் பூசிப் பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு?” என்று அவள் கேட்டாள்.

“ஏற்கத்தக்கது.”

படிவத்தில் அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. மறுநாள் அக்காவிடம் போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.