ஒரே இனிஷியலில் இரண்டு வக்கீல்கள்

ஜனவரி 19, திங்கள். உத்தமபாளையம். வழக்கம்போல நடை, குளியல், இட்லி. பிறகு மீரான் வக்கீல் வீடு. மூன்று தலைமுறையும் வக்கீல்கள், தேர்தலில் நின்றவர்கள். அவர்களுடைய காகிதங்களை எங்கள் ஆவணக் காப்பகத்துக்காகப் பிரிக்கிறேன். பேரனுக்குத் தாத்தாவின் பெயர்; இருவருடைய அப்பாக்களின் பெயரும் 'கா'வில்தான் தொடங்கும். அதனால் இருவருமே கா. மீரான்.

தட்டச்சு செய்த மேடைப் பேச்சு ஒன்று கிடைக்கிறது. தேதி இல்லை. படிக்கப் படிக்க அருமை.

"இது நான் பேசுனதுதான்" என்கிறார் பேரன் மீரான். எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்து உட்காருகிறார்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி எட்டிப் பார்த்துப் படிக்கிறார். "ஊருக்குக் கரண்டு கேட்டுல்ல பேசியிருக்காக? நீங்க பொறக்கையிலேயே வீட்டுல லைட்டு எரிஞ்சுச்சுன்னு மாமி சொல்லுவாக."

வக்கீல் சிரித்துவிடுகிறார். "அப்ப தாத்தாவோடதுதான். எனக்குன்னு ஒண்ணுகூட இல்லையாக்கும்."

"ஏன், எலெக்சன்ல தோத்த அன்னைக்கு நன்றி சொல்லிப் பேசுனீகளே. நாலே வரி. செயிச்சவுக ஆளுகளும் கைதட்டுனாக."

பீரோவில் தன் சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பேச்சு எழுதிய தாளை எடுத்து என்னிடம் நீட்டுகிறார். வக்கீல் டீயை மறந்து அதையே பார்க்கிறார்.

செவ்வாய் காலை, காப்பிக்கும் முன்னால், புது உறை ஒன்றில் 'கா. மீரான், பேரன்' என்று எழுதி, அந்த நாலு வரியை உள்ளே வைக்கிறேன்.