மாவின் மேல் விழுந்த பழி

எண்பதுகளின் நடுவில், டெக்ஸாஸில் இர்விங்கில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டின் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் திரும்ப முடியாது. அந்த இடுக்குக்குள்தான் இரண்டு நொதித்தல்கள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று என்னுடைய இட்லி மாவு. மற்றது என் கணவருடைய பீர்.

மாவு அங்கே லேசில் பொங்கிவிடவில்லை. முதல் குளிர்காலம் முழுக்க அது களிமண்ணாகக் கிடந்தது, நான் அதன் முன்னால் நின்றேன். வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா, பேச ஆளில்லாத பகல்கள், ஜன்னலுக்கு வெளியே கார்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கும் வெட்டவெளி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்றிருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, "ஓவன்ல வெச்சு உள்ள லைட்ட மட்டும் போட்டு விடுங்க, அது போதும்" என்றாள். மறுநாள் காலை மாவு பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த ஊரில் நான் சொன்னபடி கேட்ட முதல் பொருள் அதுதான். ஓவன் கதவின் கண்ணாடி வழியே மஞ்சள் வெளிச்சத்தில் அது மெல்ல மெல்ல உயர்வதை, வேறு வேலை இல்லாதவள்போல் உட்கார்ந்து பார்ப்பேன். உண்மையில் வேறு வேலை இல்லாதவள்தான்.

பீர் ஆசை அவருக்கு ஆபீசில் வந்தது. கூட வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் வீட்டில் காய்ச்சிய பீரைக் கொடுக்க, கெமிக்கல் என்ஜினியரிங் படித்தவருக்குப் பொறுக்குமா? வெள்ளை பிளாஸ்டிக் வாளி வந்தது, முழங்கால் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை வந்தது, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் வந்தது. மால்ட் என்ற பார்லிப் பாகைக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி வாளியில் மூடிவைப்பார். மூடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் குழல் இருக்கும், உள்ளிருக்கும் காற்று அதன் வழியாகக் குமிழியிட்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. முதல் வேகம் அடங்கியதும் வாளியிலிருந்து குடுவைக்கு மாற்றித் தெளியவிட வேண்டும். அந்தக் குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். நான் ஓவன் முன்னால், அவர் வாளி முன்னால். இப்படி ஒரு தாம்பத்தியம்.

முதல் பீர் கெட்டுப்போனது. குடுவையின் மேல்பரப்பில் வெள்ளையாக ஒரு ஏடு படர்ந்து, சுருக்கம் விழுந்து, காய்ந்த தோல்மாதிரி நின்றது. ருசி பார்க்க மாடி வீட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். கல்யாணமாகாத என்ஜினியர், மதுரைக்காரன், சாப்பாட்டு வாசனை வந்தால் எங்கள் கதவைத் தட்டுகிறவன். ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தான்.

"அண்ணே, இதுல கொஞ்சம் உப்பும் பெருங்காயமும் போட்டா மோர் ஆயிரும்ணே."

"குடிக்கலன்னா வெச்சிட்டுப் போடா."

"இல்லண்ணே, வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு."

அவர் சாமான் வாங்கிய கடைக்குப் போன் பண்ணினார். நெடுநேரம் எஸ், எஸ் என்று தலையாட்டினார். கடைக்காரர் கேட்ட கடைசிக் கேள்வி, அதே சமையலறையில் ரொட்டி மாவு, தயிர் என்று வேறெதையாவது புளிக்க வைக்கிறீர்களா என்பது. போனை வைத்துவிட்டு அவர் ஓவனைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே விளக்கடியில் என் மாவு வழக்கம்போல் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"உன் மாவுதான்."

"என் மாவு என்ன பண்ணுச்சு?"

"அதுல இருக்கற பாக்டீரியாதான் பீர்ல போயிருக்கு. கைய விட்டுக் கலக்கறல்ல நீ? அந்தக் கையோட சிங்க்க தொடற, டேப்ப தொடற, எல்லாத்தையும் தொடற."

"கைய விட்டுக் கலக்காம கால விட்டா கலக்குவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஆபீஸ் பார்பிக்யூவுக்குத் தன் பீரைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாராம். "அடுத்த பேட்ச் முடியற வரைக்கும் வீட்டுக்குள்ள மாவு வேணாம். பீர் நல்லா வந்துச்சுன்னா மாவுதான் காரணம்னு ஆயிடும். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பார்த்துக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் இனிமேல் கிடையாது என்று அர்த்தம். அன்றிலிருந்து பீர் நன்றாக வந்தால் என் மாவு தொலைந்தது என்ற நிலையில், நல்ல மனைவியாக எதற்கு ஜெபிப்பது என்று தெரியாமல் திண்டாடினேன்.

"வீட்டுக்குள்ளதான வேணாம்?" என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

மாடிப் பையனின் வீட்டில் அரைத்தேன். கூலியாக அவனுக்குத் தோசை. அரைத்த மாவை எங்கே பொங்கவைப்பது? ஓவனை விடச் சூடான இடம் ஒன்று எங்களிடம் இருந்தது. டெக்ஸாஸ் வெயிலில் நிற்கும் கார். அந்தக் காரோ காலையில் அவரோடு ஆபீஸ் போய்விடும். ஆகவே மாவும் ஆபீஸ் போனது. டை கட்டிய என் கணவர் முன்னால், பாத்திரத்தோடு பெல்ட் போட்ட மாவு பின்னால். அவர் ஆபீஸ் இருந்த லாஸ் கோலினாஸின் கண்ணாடிக் கட்டடத்தின் கீழே, பார்க்கிங்கில், ஏறும் வெயிலில், அது தன் பாட்டுக்குப் பொங்கியது. பொங்கி, மூடியைத் தள்ளி, சீட்டில் வழிந்து, வெயிலில் அப்பளமாகக் காய்ந்தது. மாலையில் கார் கதவைத் திறந்தால் தோசைக்கடை வாசனை. லிஃப்ட் கேட்டு ஏறிய ஆபீஸ்காரர் ஒருவர், வழியெல்லாம் ஜன்னலை இறக்கியே வைத்திருந்தாராம்.

"மானம் போகுது" என்றார் இவர்.

"வீட்டுக்குள்ள வேணாம்னீங்க."

இந்த முறை அவர் எல்லாவற்றையும் ப்ளீச் கலந்த தண்ணீரில் முக்கினார், கரண்டி, வாளி, மூடி, குழாய் எல்லாம். சமையலறை நீச்சல்குளம்போல் மணத்தது. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் கையைக் காட்டச் சொன்னார், காட்டினேன். குமிழி வந்தது, அடங்கியது, பீர் குடுவைக்கு மாறியது. நானும் அவரும் அதை வெவ்வேறு ஆசையோடு எட்டிப் பார்த்தோம்.

ஒருநாள் சாயங்காலம் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இங்க வா" என்று குரல் வந்தது. குரலிலேயே தெரிந்துவிட்டது. குடுவையின் கழுத்தில் அதே வெள்ளை ஏடு, அதே சுருக்கம். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, அதன் குளிருக்குள் தலையை நீட்டி, இல்லாத எதையோ தேடினேன். கெட்டுப்போன பீருக்காக உலகத்திலேயே நிம்மதிப் பெருமூச்சு விட்ட ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

"அண்ணி விடுதலை" என்றான் மாடிப் பையன், வாசலிலிருந்தே.

அவர் தரையில் உட்கார்ந்து தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். ப்ளீச்சில் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் என் சந்தோஷம் கொஞ்சம் கூசியது. மாவு தப்பித்தது சரி, பீரைக் கெடுத்தது யார்?

"வெறும் தண்ணிய வெச்சு, முதல்லேர்ந்து எல்லாத்தையும் செஞ்சு காட்டுங்களேன்" என்றேன். "நான் பாக்கறேன். ஒண்ணும் விடாம செய்யணும்."

செய்தார். ப்ளீச், அலசல், வாளி, மூடி எல்லாம் சுத்தம். அப்புறம் வாளியை மேடை மேல் தூக்கி வைத்தார், குடுவையைக் கீழே வைத்தார், குழாயின் ஒரு முனையை வாளிக்குள் விட்டார். குந்தி உட்கார்ந்து, மறுமுனையை வாயில் வைத்து, டிரம்மிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்கிறவர்கள் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சினார். தண்ணீர் உதட்டுக்கு வந்ததும் லாகவமாகக் குடுவைக்குள் விட்டார்.

"இருங்க, இருங்க. வாய வெச்சீங்க."

"வாய வெக்காம தண்ணி எப்பிடி வரும்?"

"எச்சிலாயிடுச்சேங்க."

தண்ணீர் குடுவைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த மனிதர் டம்ளரை ஒரு சாண் உயரத்தில் தூக்கி அண்ணாந்து குடிக்கிறவர். ஆபீஸ் கேன்டீனில் கோக் டின்னைக்கூட அண்ணாந்து ஊற்றிக்கொள்ள, அமெரிக்கர்கள் கைதட்டியிருக்கிறார்கள். நான் கடித்த பிஸ்கெட்டைத் தொடமாட்டார். ஆனால் குழாய் என்று வந்துவிட்டால், அது வேறு உலகம், அங்கே எச்சில் என்ற சொல்லே இல்லை.

"எச்சிலுக்கும் இதுக்கும் என்ன..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அவருக்குள் இருந்த என்ஜினியர் மீதியைத் தனக்குள் சொல்லி முடித்தார். வாயிலும் அதே பாக்டீரியாதானே.

"அண்ணே, அப்ப நான் குடிச்சது..." என்றான் பையன்.

"வாய மூடுறா."

குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உட்புறம் நெடுக ஒரு பழுப்புக் கறை ஓடியது, ப்ளீச்சுக்கும் போகாத கறை. குற்றவாளி வாயா கறையா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இரண்டையும் ஒழித்தார். புதுக் குழாய் வாங்கினார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதில் நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்து, ஒன்றை வாளிக்குள் விட்டு மற்றதைத் தாழ்த்தித் திறந்தால், வாய் வைக்காமலே தானாக இறங்கியது. சிங்க் முன்னால் நின்று பலமுறை செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது பேட்ச் போடும் அன்று, நான் கேட்காமலே, "மாவ ஓவன்லயே வெச்சுக்க" என்றார்.

"இதுவும் கெட்டா?"

"கெட்டா பாத்துக்கலாம்."

பாத்துக்கலாமில் இந்த முறை அந்தப் பழைய அப்புறம் இல்லை. இருந்தாலும் பயம் என் பக்கம் வந்துவிட்டது. இப்போது நானும் பீர் நன்றாக வரவேண்டுமென்று விரும்பினேன், அதுவும் அவரைவிட அதிகமாக. ஓவன் விளக்கையும் குடுவைக் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி அந்த நாட்கள் போயின. ஏடு வரவில்லை. எந்தக் காலையிலும் வரவில்லை. பாட்டிலில் அடைத்தார், காத்திருந்தார், ஒன்றைத் திறந்தார். மெல்லிய சீறல், செம்பழுப்பு நிறம், சுட்ட ரொட்டியின் மணம். பையன் குடித்தான், காலி டம்ளரை நீட்டினான்.

நானும் ஒரு மிடறு குடித்தேன். கசப்பு. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் புளிப்பு இல்லை, துளிக்கூட இல்லை, அந்தக் கசப்பு தொண்டையில் இறங்கும்போது தோளிலிருந்து யாரோ கையை எடுத்ததுபோல் இருந்தது.

"எப்பிடி?" என்றார்.

"மாவு மேல பழி இல்ல" என்றேன்.

அவர் குனிந்து ஓவனைத் திறந்தார். பொங்கிய மாவை, முதல் தடவையாகத் தன் கையாலேயே, வழியாமல் தூக்கினார். மேடையெங்கும் பாட்டில்கள்.

"இத எங்க வெக்கட்டும்?"

"பாட்டில கொஞ்சம் தள்ளிட்டு வைங்க."

தள்ளிவிட்டு வைத்தார்.