ஒரே நாளில் மஞ்சள்

"சோபான் பாவு, நீங்க குப்பி கழுவுங்க. செல்லை நான் பாத்துக்கறேன்."

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பாவு என்று அண்ணன் முறை வைத்து, விஞ்ஞானி ஹேமாங்கி தாம்லே சிரித்துக்கொண்டே சொன்னது இது. சோபான் காளேக்கு அது இறங்கவே இல்லை. சொன்னவர் மறந்துவிட்டார், அவன் மறக்கவில்லை.

புனேயில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடியில், செல்களை வளர்க்கும் சிவப்புச் சத்துநீரைத் தயாரிப்பது அவன் வேலை. யார் எத்தனை குப்பி வாங்கினார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதும் அவன்தான். செல்கள் தின்று வளர வளர, சிவப்பு மஞ்சளாகும். தாம்லே மேடம் வளர்த்த கல்லீரல் செல்லுக்கு மூன்று நாள் பிடிக்கும். அந்த ஜூனில் பக்கத்து அறைக்காரர்கள் தங்கள் புற்றுநோய் செல்லோடு வந்து, ஒரு வாரம் மேடத்தின் மேஜையிலேயே வேலை பார்த்தார்கள். அவர்கள் போன மறுவாரம், மேடத்தின் குப்பி ஒரே நாளில் மஞ்சளானது. அவன் போய்ச் சொன்னான்; அதற்குத்தான் அந்தச் சிரிப்பும் 'குப்பி கழுவுங்க'வும். அவருக்குக் கட்டுரை அனுப்பும் அவசரம். ஏழாம் வகுப்போடு நின்றவன் பேச்சு எடுபடவில்லை. கோபத்தில் பதிவேட்டில் தேதி போட்டு மராட்டியில் எழுதினான்: 'தாம்லே மேடம். ஒரே நாளில் மஞ்சள். சொன்னேன். கேட்கவில்லை.'

கட்டுரை வெளிவந்தது, ஓடியது. ஒவ்வொரு ஜனவரியும் துறைப் பலகையில் ஒரு தாள் ஏறும்: யாருடைய எந்தக் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்ற கணக்கு. குத்துவது சோபான்தான். நாற்பது, இருநூறு, அறுநூற்று நாற்பது. எண் ஏறும்போதெல்லாம் மேடம் பேடா வாங்குவார், முதல் பேடா அவனுக்கு. மதியம் அவன் டப்பாவைத் திறந்து பாக்ரி ரொட்டியை டேச்சா மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்பார், கண்ணில் தண்ணீர் வர. அதனால் வெறுக்கவும் முடியவில்லை.

பேராசிரியர் பதவிக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்த வருஷம், புதிதாக வந்த மாணவி ஒருத்திக்கு அந்தக் கட்டுரையின் சோதனை எத்தனை முறை செய்தும் சரிவரவில்லை. மேடம் செல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அது கல்லீரல் செல்லே இல்லை. பக்கத்து அறைக்காரர்களின் புற்றுநோய் செல், எப்போதோ கலந்து மற்றதைத் தின்று தீர்த்திருக்கிறது. எந்த நாளிலிருந்து என்பதுதான் கேள்வி. அதற்கு முந்தைய முடிவுகள் நிற்கும், பிந்தையதெல்லாம் பொய்.

துறைத்தலைவர் ராஜ்வாடே சோபானைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார்.

"மாமா, பழைய பதிவேட்டையெல்லாம் கரையான் அரிச்சிருக்குமே?"

"இரும்பு அலமாரி சார்."

"இரும்பையும் அரிக்கும்னு நினைச்சுக்கயேன்."

டீயைக் குடிக்காமல் வந்து, அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தான். அன்றைக்கு மேடத்தின் மூஞ்சிக்கு நேரே அந்த வரியை நீட்டிச் சிரிக்கத்தான் நினைத்தான். ஆனால் அவர் கழுவுமிடத்தில் முக்காலி மேல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தைப் பிரித்துத் தொட்டிமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றான்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"அன்னைக்கே ஓங்கி ஒண்ணு விட்டிருக்கலாமே பாவு."

"வேலை போயிருக்கும் மேடம்."

அவர் சிரித்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தேர்வுக்குழு கூடுவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. காத்திருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் அன்றே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டார். பதவி வேறொருவருக்குப் போனது. அவரிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக வேறு அறைக்கு மாறினார்கள். அறுநூற்று நாற்பதாவது மாடியிலிருந்து விழுந்தவள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். மேடத்துக்கும் அது கேட்டது.

சொந்த ஊரான ரத்னகிரிக்கே போய்விடுவதென்று முடிவெடுத்து, டிசம்பர் கடைசியில் அறையைக் காலி செய்தார். பெட்டியைச் சோபான் தூக்கிவந்தான். பலகைக்கு முன்னால் அவர் நின்றார்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கியாச்சுன்னு பாக்காமயே இன்னும் எடுத்துக்காட்டறாங்க பாவு. எழுநூறைத் தாண்டிருச்சு. ராஜ்வாடே அதையும் துறைக் கணக்குல சேர்த்துத்தான் போடுவார்."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"ஜனவரித் தாளைக் குத்தறப்போ என் பேருக்கு நேரா இருக்கற அந்த எண்ணை உங்க பேனாவால அடிச்சிருங்க. பக்கத்துல உங்க பதிவேட்டு வரியை எழுதுங்க. கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லுங்க."